ஆறினால் ஓடும், சுட்டால் நிற்கும்!

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை பதினொன்றரை மணி இருக்கும். அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களை வைத்துக்கொண்டு ஆபீஸில் நான் மல்லாடிக்கொண்டிருந்தபோது செல்போன் அலறியது. எடுத்தால், அத்தை!

“நடு ரோடிலே நிற்கிறேண்டி! மாமா வண்டிக்குள்ளே உட்கார்ந்திருக்கார். பின்னாலே நாலு பஸ்ஸும் நாற்பது ஸ்கூட்டரும் ஹாரன் அடிக்கிறான்கள். இந்தச் சனியன் நகரமாட்டேன் என்கிறது!”

“எங்கே நிற்கிறீங்க அத்தை?”

“கிண்டியைத் தாண்டி, சர்தார் படேல் ரோடிலே. போன செவ்வாய்க்கிழமையும் இதே இடம்தான்.”

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் அத்தை மறுபடி கூப்பிட்டார். வண்டி தானாகவே கிளம்பிவிட்டதாம். இருபது நிமிஷம் முரண்டு பிடித்த வண்டி, ஒன்றுமே நடவாதது போல முதல் சாவியிலேயே உயிர் பெற்றுவிட்டது. நான் வெயிலில் நின்றது மிச்சம்.

அத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் புரியும். மாமாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு பாரிச வாயு வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு, தமது ஐம்பத்தொன்பதாவது வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டார் அத்தை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாமாவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துப் போகவேண்டும். “டாக்ஸி கிடையாதா?” என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. ஆனால் மாமாவை வண்டியில் ஏற்றுவது ஒரு தனிக் கலை. கதவை முழுக்கத் திறந்து, அவருடைய வலது கையைக் கதவின் மேல் வைத்து, இடது பக்கத்துக்கு அத்தை தோள் கொடுத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லி உட்கார வைக்கவேண்டும். ஆற அமரச் செய்ய வேண்டிய காரியம். டாக்ஸிக்காரர்களில் தங்கமானவர்களும் இருக்கிறார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களும் இருக்கிறார்கள். எவர் வருவார் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே, அந்தப் பதினோரு வயது பெட்ரோல் கார் அத்தைக்கு ஆடம்பரம் அல்ல. அது மாமாவின் இன்னொரு கால். (எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். பாவம், வயதான காலத்தில் அதன் பெயரைக் கெடுப்பானேன்!)

அந்த வண்டிக்குத்தான் இந்த விசித்திர வியாதி. காலையில் எடுத்தால் குதிரை மாதிரி ஓடும். அரைமணி நேரம் ஓடி என்ஜின் நன்றாகச் சூடானதும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் ‘கிர் கிர்’ என்று சுற்றும், ஆனால் பிடிக்காது. ஆறினால் தானே கிளம்பும்.

மூன்று தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போயாயிற்று. முதல் தடவை பாட்டரியை மாற்றினார்கள். இரண்டாம் தடவை பிளக்குகள். மூன்றாம் தடவை டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு. மொத்தம் இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் பில். நாலாம் தடவை போனபோது, அங்கே இருந்த இளைஞர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “வண்டியிலே ஒண்ணும் இல்லை மேடம். நீங்க கிளட்சை டக்குனு விட்டுடறீங்க போலிருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் பிள்ளை, “வித்துத் தொலைச்சுடும்மா. இந்த வயசிலே உனக்கு எதுக்கு இது?” என்றான்.

பணம் போனதுகூட அத்தைக்குப் பெரிதாகப் படவில்லை. அன்று ராத்திரி என்னிடம், “ஒருவேளை நான்தான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனோ என்னவோ, எனக்கே சந்தேகமாக இருக்கிறதுடி” என்றார். மூன்று வருஷமாக மாமாவைத் தூக்கி உட்கார வைத்து, சென்னைப் போக்குவரத்தில் வண்டி ஓட்டுகிற மனுஷி பேசுகிற பேச்சா இது? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு கார் இருக்கலாம். அது என்றைக்காவது இப்படிச் செய்யலாம். கிளட்ச் உபதேசம் உங்களுக்கும் கிடைக்கலாம். அதனால் இந்த வாரம் சமையலறையை விட்டு வெளியே வந்து, வண்டியின் பானெட்டைத் திறந்து பார்ப்போம்.

முதலில் ஒன்று சொல்லிவிடவேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. குழந்தைக்கு ராத்திரி முழுக்க ஜுரம் அனலாய்க் காய்கிறது. காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே போனதும் குழந்தை சிரித்துக்கொண்டு அவருடைய ஸ்டெதாஸ்கோப்பை இழுக்கிறது. “ஜுரமே இல்லையே அம்மா?” என்கிறார் டாக்டர். அதே கதைதான் இங்கும். வண்டி நடுரோடில் நிற்கும்போது மெக்கானிக் பக்கத்தில் இல்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சேரும்போது வண்டி ஆறிவிடுகிறது. ஆறிய வண்டியில் நோய்க்கு அடையாளமே கிடையாது. அவர் வைக்கும் ஸ்கேனர் கருவியில்கூடப் பல சமயம் ஒன்றும் பதிவாகி இருக்காது. பிறகு அவர் என்ன செய்வார்? ஊகத்தின்பேரில் ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்ப்பார். ஊகத்துக்குப் பில் கொடுப்பது நீங்கள்!

அப்படியென்றால் ஜுரம் அடிக்கும்போது பார்த்தவர் சொல்லுகிற சாட்சிதான் முக்கியம், இல்லையா? இந்தக் கேஸில் அந்தச் சாட்சி அத்தை ஒருவர்தான்.

சூட்டுக்கும் என்ஜினுக்கும் என்ன பகை? எங்கள் தாத்தாவின் காரை வைத்துச் சொல்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது, தொண்ணூறுகளில், அவரிடம் கார்ப்பரேட்டர் வைத்த பழைய வண்டி ஒன்று இருந்தது. ஒரு மே மாதம் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். திண்டிவனம் தாண்டிச் செஞ்சிக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது. தாத்தா பதறவில்லை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். கூஜாவிலிருந்த தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, என்ஜினின் விலாவில் இருந்த பெட்ரோல் பம்பின் மேல் குழந்தைக்கு நெற்றிப் பற்று போடுவது போலப் போட்டார். பாட்டி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டி தயார்.

தாத்தாவின் வைத்தியம் மந்திரம் அல்ல. பெட்ரோல் தண்ணீரைப் போல ஒரே திரவம் இல்லை. பல எண்ணெய்களின் கலவை. அதில் இலேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமான பகுதி கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். ஓடும் என்ஜினில் சுற்றும் தண்ணீரே சாதாரணமாக 90 டிகிரி சூட்டில் இருக்கும். மே மாத வெயிலோ நிழலிலேயே 40 டிகிரி. என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டால், பம்பு எதைத் தள்ளும்? திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. பெட்ரோல் அடைபட்டு நின்றுவிடும். ஈரத்துணி போட்டால் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும். அவ்வளவுதான்.

இன்னொன்று. வண்டியை நிறுத்தியவுடன் என்ஜின் குளிர ஆரம்பிக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, காற்று வீசுகிறது. நிறுத்தினால் இரண்டும் நின்றுவிடுகின்றன. அடுப்பை அணைத்த பிறகும் இரும்புத் தோசைக்கல்லில் ஒரு தோசை வேகிறதே, அதுபோல என்ஜினின் சூடு அக்கம் பக்கத்துச் சாமான்களுக்கு ஏறும். சில நிமிஷம் கழித்துத்தான் இறங்கும். வண்டி நின்றவுடன் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்துப் பாட்டரியைக் கொல்வதில் பலனில்லை என்பது இதனால்தான்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுக் கார்களில் கார்ப்பரேட்டர் மறைந்து, கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஏற்பாடு வந்தது. பம்பும் டாங்கிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து நல்ல அழுத்தத்தோடு தள்ளுவதால் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது அபூர்வமாகிவிட்டது. தாத்தாவின் ஈரத்துணிக்கு வேலை போயிற்று என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கேளுங்கள் மேலே.

அத்தையிடம் பால் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கங்களில் பால் கணக்குக்குப் பதிலாக வேறு ஏதோ எழுதியிருந்தது. “செவ்வாய். புறப்பட்டது 10.50. நின்றது 11.22. கிளம்பியது 11.44. நல்ல வெயில்.” “வெள்ளி. மழை. நிற்கவில்லை.” “செவ்வாய். 28 நிமிஷத்தில் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே. சிக்னல் அல்ல.” இப்படிப் பதினொரு குறிப்பு! அத்தை யாரிடமும் காட்டவில்லை. “அவன் கேட்கவில்லையே” என்றார்.

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு, தெருக் கோடியில் வேப்பமரத்தடியில் ஷெட் வைத்திருக்கும் பெரியவரிடம் போனோம். எழுபது வயது இருக்கும். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் வண்டியைத் தொடவே இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“சிக்னல்லே நிக்கும்போது ஆஃப் ஆவறதில்லை. ஓடிக்கிட்டே இருக்கறப்போ ஆவுது. சரிதானேம்மா?”

“ஆமாம் பாய்.”

“ஆனப்புறம் செல்ஃப் அடிக்கிறீங்களே, அப்போ இந்த என்ஜின் சுத்தற வேகம் காட்டுற முள்ளு இருக்கே, அது துள்ளுதா, செத்துக் கெடக்குதா?”

அத்தைக்கு அது தெரியவில்லை. “வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்” என்றார். “வேணாம்மா. மாமாவை வெச்சிக்கிட்டு வேணாம். நாளைக்கு நானே கூட வர்றேன்” என்றார் பாய்.

முதல் கேள்வி ஏன் சிக்னலைப் பற்றி என்று எனக்கு அப்போது புரியவில்லை, பிறகு விளக்கினார். சூடான பிறகு அணைகிற வண்டிகளில் இரண்டு ஜாதி உண்டாம். ஒன்று, சிக்னலில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்ததும் ‘புஸ்’ஸென்று அணையும், சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் காற்று போகிற வழியில் கரி பிடித்த கோளாறு. குளிர்ந்த என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகக் காற்றும் பெட்ரோலும் கொடுத்து வேகமாகச் சுற்றவிடும். அப்போது அழுக்கு தெரியாது. சூடானதும் அந்தச் சலுகையை நிறுத்தி, நிமிஷத்துக்கு 700, 800 சுற்று என்று அடக்கிவிடும். அப்போதுதான் அழுக்கு மூச்சை அடைக்கும். சுத்தம் செய்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும், செலவும் குறைவு. கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள், சூடான பிறகும் சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சைலன்சரில் கறுப்புப் புகையும் பெட்ரோல் நெடியும் அதற்கு அடையாளம்.

இரண்டாவது ஜாதி அத்தையுடையது. ஓடும்போதே அணையும், ஆறும் வரை பிடிக்காது. இதில் ஒன்று பெட்ரோல் வரவில்லை, அல்லது தீப்பொறி வரவில்லை. எது வரவில்லை என்பதை அந்த நிமிஷமே கண்டுபிடிக்கவேண்டும்.

மறுநாள் மாமாவை வீட்டில் விட்டுவிட்டு, அத்தை ஓட்ட, பாய் முன்னால் உட்கார, நான் பின் ஸீட்டில். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்: வண்டி நின்றதும், அம்மா சாவியைத் திருப்பும்போது பின் ஸீட்டுக்கு அடியில் காதை வைத்துக் கேட்கவேண்டும். காலேஜில் படித்த படிப்புக்கு ஏற்ற உத்தியோகம்தான்!

முப்பத்தோராவது நிமிஷம். அதே சர்தார் படேல் ரோடு. வண்டி அணைந்தது. வருத்தப்பட வேண்டிய நேரத்தில் மூன்று பேரும் “நின்றுவிட்டது!” என்று சந்தோஷமாகக் கத்தினோம். அத்தை அது ஓடுகிற வேகத்திலேயே நியூட்ரலில் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சாவியைத் திருப்பினார். ஸீட்டுக்கு அடியிலிருந்து ‘ங்ங்ம்ம்’ என்று இரண்டு விநாடி ஒரு ரீங்காரம். பெட்ரோல் பம்பு வேலை செய்கிறது! (அந்தப் புதுப் பம்பு அநாவசியம் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.) பிறகு செல்ஃப் அடித்தார். என்ஜின் சுற்றியது. ஆனால் முள் ஸைபரிலேயே படுத்துக் கிடந்தது. இம்மிகூட அசையவில்லை.

“அதான்” என்றார் பாய்.

அது என்ன? என்ஜினோடு சுற்றும் ஒரு சக்கரத்தில் பல் பலாக வெட்டியிருக்கும். அதன் அருகில் கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சர். கிராங்க் சென்சர் என்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் தன்னைக் கடக்கும்போது அது ஒரு மின் துடிப்பை அனுப்பும். கச்சேரியில் தாளம் போடுகிறவர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் எப்போது பெட்ரோல் பீய்ச்சவேண்டும், எப்போது தீப்பொறி தரவேண்டும் என்று தீர்மானிக்கிறது. தாளம் நின்றால் பாட்டு நின்றுவிடும். பல சென்சர்களுக்குள்ளே காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. வயதானபின் அதில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டால், சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாததால் முள்ளும் பல வண்டிகளில் அசைவதில்லை. டீசல் வண்டிக்குப் பிளக்கும் தீப்பொறியும் கிடையாது. ஆனால் இந்தக் காலத்து டீசல் என்ஜினிலும் இந்தச் சென்சர் உண்டு.

பாய் பானெட்டைத் திறந்தார். பையிலிருந்து ஒரு கைக்குட்டையையும் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலையும் எடுத்தார். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது! துணியை நனைத்துப் பிழிந்து, என்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தில், அந்தச் சின்னச் சென்சரின் தலையில் மட்டும் சுற்றினார். மூன்று நிமிஷம். “இப்போ அடிங்கம்மா.”

முள் துள்ளியது. வண்டி பிடித்துக்கொண்டது. மற்ற நாட்களில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது, மூன்று நிமிஷத்தில்!

பாய் அதோடு விட்டாரா? இல்லை. “ஒரு வாட்டி பலிச்சா அது அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்” என்று சொல்லி, அடையாறு வரை போய்த் திரும்பச் சொன்னார். வழியில் மறுபடி நின்றது. மறுபடி ஈரத்துணி, மறுபடி உயிர். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார். ஷெட்டுக்கு வந்ததும்கூட உடனே புதுச் சென்சரை மாட்டிவிடவில்லை. அதற்குப் போகிற வயர் எங்காவது உராய்ந்திருக்கிறதா, இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அவை சரியாக இருந்த பிறகுதான் சென்சரை மாற்றினார். சாமானும் கூலியும் சேர்த்து 2,400 ரூபாய். கழற்றிய பழைய சென்சரை ஒரு காகிதத்தில் மடித்து அத்தையின் கையில் கொடுத்தார். எந்த ஒர்க்‌ஷாப்பில் எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் சூடான என்ஜின் மேல் குடத்தோடு தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மின்சாரச் சாமான்கள் கெட்டுப்போகும். காய்ந்த இரும்பில் விரிசலும் விடலாம். எதன் தலையில் ஈரத்துணி போடுவது என்று தெரிந்தவர்தான் போடவேண்டும். நம் வேலை கேட்பதும் பார்ப்பதும் எழுதிக்கொள்வதும். பம்பின் ரீங்காரம் வந்ததா, முள் அசைந்ததா, பெட்ரோல் நெடி அடித்ததா, எத்தனை நிமிஷத்தில் நின்றது, எத்தனை நிமிஷத்தில் கிளம்பியது, வெயிலா மழையா, டாங்கியில் எவ்வளவு இருந்தது. கடைசிக் கேள்வியும் முக்கியம். டாங்கிக்குள் இருக்கும் பம்புக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் முந்நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு காலி டாங்கியில் ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் சூடாகி ஓய்ந்துபோகும். கால் டாங்கியாவது இருக்கட்டும்.

சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டால் இந்தக் கதையே வேறு. அது அளவு மீறிய சூடு. உடனே நிறுத்தி, ஆறும் வரை காத்திருக்கவேண்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஓடும்போது வண்டி அணைந்தால் கைகால் நடுங்கும்தான். ஆனால் இதை மட்டும் ஞாபகம் வையுங்கள். ஸ்டியரிங் கனத்துப்போகலாம், பலமாகத் திருப்பினால் திரும்பும். பிரேக்குக்கு என்ஜின் தரும் உதவி ஓரிரு அழுத்தலுக்குத்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல், ஒரேயடியாக அழுத்தி மிதிக்கவேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடக்கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டுவிடும். நான்கு விளக்கும் மினுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இடது ஓரம் போங்கள். ரெயில்வே கேட்டின் நடுவில் நின்றுவிட்டால் வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் எல்லோரும் இறங்கி வெளியே வந்துவிடவேண்டும்.

அந்த ஒர்க்‌ஷாப் இளைஞரின் கிளட்ச் உபதேசம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவருக்கு ஒரு பழைய சமாசாரம் சொல்ல ஆசை. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் காரல் பென்ஸ் தாம் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வைத்துக்கொண்டு, அதை யார் வாங்குவார்கள் என்று தயங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாயார் வீட்டுக்கு அந்த வண்டியிலேயே கிளம்பிவிட்டார். நூறு கிலோ மீட்டருக்கு மேல். மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் போன முதல் ஆள் அவர்தான். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியை உருவி அடைப்பை எடுத்தாராம். ஒரு வயர் பழுதாயிற்று. காலுறைப் பட்டியைச் சுற்றிச் சமாளித்தாராம். எண்ணெய் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். அவருக்கு யாரும் கிளட்ச் உபதேசம் செய்யவில்லை. செய்ய வேறு டிரைவரே உலகத்தில் கிடையாதே!

அது போகட்டும். அத்தை அந்தப் பழைய பில்களையும் பால் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். நானும் போனேன், சண்டை போடலாம் என்ற உத்தேசத்தோடு. அத்தை சண்டை போடவில்லை. காகிதத்தைப் பிரித்துப் பழைய சென்சரை மேஜை மேல் வைத்தார். “இதுதான் தம்பி” என்றார். இளைஞர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இதை முதல்லேயே காட்டியிருந்தீங்கன்னா மேடம்...” என்று இழுத்தார். “நீ முதல்லேயே கேட்டிருந்தா காட்டியிருப்பேனே” என்றார் அத்தை. பம்புக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தருகிறார்களா, பார்க்கலாம்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். நோட்டு மேஜை மேல் இருந்தது. கடைசிக் குறிப்பு: “வெள்ளி. போக 41 நிமிஷம், வர 50 நிமிஷம். கடுமையான வெயில். நிற்கவில்லை.” அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, “பால் ஒன்றரை லிட்டர்.”